செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை

என் ரோபோ தங்கம் வாங்குவதற்கு நான் எழுதிய நிரல் நானூறு வரிக்கு மேல் ஓடும். வாங்கியதை விற்றுவிட்டு வெளியே வருவதற்கு எழுதியது முப்பது வரிகூட இருக்காது. இன்றைக்கு இதைச் சொல்ல வாய் கூசுகிறது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அந்த நானூறு வரியையும் மடிக்கணினியில் மேலும் கீழும் உருட்டிக் காட்டி மகிழ்ந்திருப்பேன்.

ரோபோ என்றதும் கை கால் உள்ள ஒன்றை நினைக்க வேண்டாம். அது கணினியில் ஓடும் ஒரு நிரல், அவ்வளவுதான். தங்கத்தின் விலை ஏறுவதையும் இறங்குவதையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். நான் சொல்லிவைத்த அடையாளம் தெரிந்ததும் தானே வாங்கும். பிறகு தானே விற்கும். நான் ஜொகூர் பாருவில் ஓர் அலுவலகத்தில் மற்றவர்களின் கணினிக் கோளாறுகளைச் சரிசெய்யும் வேலையில் இருக்கிறேன். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் இருட்டோடு எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூர் போய் வருகிறார்கள். அந்த மோட்டார் சைக்கிள் வரிசையில் நிற்க எனக்கு மனமில்லை. நான் உட்கார்ந்த இடத்தில் இருக்க, எனக்காக வேறொன்று வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசையில் தவறில்லை என்று இன்னமும் நினைக்கிறேன். தவறு வேறு இடத்தில் நடந்தது.

பாலோ பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் நானும் அக்காவும். அப்பா போன பிறகு அக்கா மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். பத்து பாகாட்டில் ஒரு துணித் தொழிற்சாலைக்குத் தைக்கப் போனாள். நான் பல்கலைக்கழகம் வரைக்கும் போனேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் போனதில்லை. இதை அக்கா ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அம்மாதான், வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

அக்கா இருபது வருடம் அடுத்தவர் துணியைத் தைத்தவள். பத்து பாகாட் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிறிய கடை காலியாக இருந்தது. அதை எடுத்துப் பள்ளிச் சீருடையும் ரவிக்கையும் தைத்துக் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருந்தாள். கடைச் சொந்தக்காரச் சீன ஆன்ட்டி அக்காவைப் பல வருடமாகத் தெரிந்தவர். சீனப் புத்தாண்டுப் பெருநாள் வரைக்கும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், அதற்குள் முன்பணத்தோடு வா என்று சொல்லியிருந்தார். பணம் அக்காவிடம் தயாராகவே இருந்தது. அவளுடைய மெஷின்கள், கண்ணாடி, விளக்கு எல்லாவற்றுக்கும் இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. தீபாவளிக்குப் போயிருந்தபோது அது என் காதில் விழுந்தது.

"அந்தக் காசு பேங்க்ல சும்மாதானேக்கா கெடக்கு? மூணு மாசம் எங்கிட்ட குடு. ரோபோ பாத்துக்கும்" என்றேன்.

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். இதை முதலில் எழுதிவிட வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டுச் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கினேன். அக்கா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவர், என் மச்சான், லாரி ஓட்டுகிறவர், வாசல் பக்கம் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் வாங்கும் அடையாளங்களைப் பற்றி வெகுநேரம் பேசினேன். விலை வரைபடத்தில் கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன, எந்தக் கோடு மெதுவானது, எது வேகமானது. அக்கா ஒரு பிடி பயற்றங்காயை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வாங்குறது சரி. எப்ப விடும்?"

"என்ன விடும்?"

"வாங்குனத லா. மீன் வாங்குனா கொழம்பு வைக்கலாம். இத வச்சு என்ன பண்ணுவ? வித்தாதானே காசு?"

"அதுக்கு அஞ்சு வழி வச்சிருக்கேன்."

நான் குறிவைத்த விலைக்கு ஏறிவிட்டால் லாபத்தோடு விற்றுவிடும் என்றேன். இறங்கிக்கொண்டே போனால் ஓர் எல்லை உண்டு. அதைத் தொட்டதும் சின்ன நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு வெளியே வந்துவிடும், அதற்குப் பெயர் ஸ்டாப் லாஸ். விலை ஏற ஏற அந்த எல்லையும் பின்னாலேயே ஏறி வரும், கிடைத்த லாபம் முழுவதும் கையைவிட்டுப் போகாது. எந்த அடையாளத்தைப் பார்த்து வாங்கியதோ அது தலைகீழானால் விற்கும். இவை எதுவுமே நடக்காவிட்டால், இரவு பத்து மணிக்கு, வந்த விலைக்கு விற்றுவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

"அஞ்சும் ஒண்ணா வந்தா?"

"எது மொதல்ல வருதோ அது."

"அஞ்சும் வராட்டி?"

"அது எப்படிக்கா வராமப் போகும்!" என்று சிரித்தேன்.

"சரி, நீயே நிறுத்தணும்னா?"

"நிறுத்தலாம், ஃபோன்லயே ஒரு பட்டன். ஆனா நான் தொட மாட்டேன். மனுஷன் கை பட்டாதான் இதெல்லாம் கெடும். பயம் வரும், பேராசை வரும். மெஷினுக்கு அதெல்லாம் கெடையாது."

அக்கா தலையாட்டினாள். தொழிற்சாலையில் மெஷின் ஊசிக்கு அடியில் விரல் போனவர்களைப் பார்த்தவள் அவள். மெஷினைப் பற்றி என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். ஆனாலும் படித்த தம்பி சொல்கிறான் என்று தலையாட்டினாள்.

நான் அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. லாபத்துக்கான விலையை நான், சந்தையில் நமக்காக வாங்கி விற்றுத் தரும் தரகு நிறுவனத்திடமே எழுதிக் கொடுத்திருந்தேன். என் கணினி தூங்கினாலும், மின்சாரம் போனாலும், அந்த விலை வந்தால் அவர்களே விற்றுவிடுவார்கள். நஷ்டத்துக்கான எல்லையை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. அது என் நிரலுக்குள்ளேயே மறைவாக இருந்தது. எல்லையை வெளியே காட்டினால் தரகர்கள் வேண்டுமென்றே விலையை அங்கே இழுத்து வந்து நம்மை வெளியே தள்ளுவார்கள் என்று டெலிகிராம் குழு ஒன்றில் யாரோ எழுதியிருந்தார்கள். யார் அவர், அது உண்மையா என்று நான் பார்க்கவில்லை. அதில் ஒரு தந்திரம் இருந்ததால் பிடித்துவிட்டது. மற்ற மூன்று வழிகளும் அப்படியே நிரலுக்குள்தான். நிரல் விழித்திருந்தால்தான் அவையும் விழித்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு பண்ணு" என்றாள் அக்கா. "ராகு காலத்துல வாங்காத."

மச்சான் வாசலிலிருந்து சிரித்தார். "அலமாக்! வெள்ளக்காரன் ராகு காலம் பாத்தா தங்கம் விக்கிறான்?"

"வெள்ளக்காரன் காசு வெள்ளக்காரன் பாடு. இது என் காசு. நீங்க நகத்த வெட்டுங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் காசு கொடுத்தவள் கேட்கிறாள். சுவரில் மளிகைக் கடை கொடுத்த நாள்காட்டி தொங்கியது. அதைப் பார்த்து ஏழு நாளின் நேரத்தையும் நிரலில் ஏற்றினேன். சோறு வேகும் நேரம்தான் ஆனது. நிரலின் தொடக்கத்திலேயே இரண்டு வரி சேர்த்தேன்: இப்போது ராகு காலமா என்று பார், ஆமென்றால் ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போ.

ஒன்றும் செய்யாமல்.

ரோபோவை அதற்கு முன் மூன்று வருடத்துப் பழைய விலைகளில் ஓட்டிச் சோதித்திருந்தேன். அந்த இரண்டு வரியைச் சேர்த்த பிறகு சோதிக்கவில்லை. அது அக்காவின் மனத்திருப்திக்காகச் சேர்த்த வரி, அதற்கெல்லாம் சோதனை எதற்கு என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு அதைப் பற்றி நினைக்கவே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் படித்தவனின் நிரலில் ராகு காலம்! நண்பர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று அந்த வரிகளுக்கு மலாயில் வேறொரு பெயர்கூட வைத்தேன்.

இரண்டு மாதம் நன்றாகவே போனது. வாரத்தில் சந்தை நடக்கும் ஐந்து நாளில், நான்கு நாளின் ராகு காலம் நம் காலையிலோ மதியத்திலோ விழும். அப்போது தங்கம் சோம்பலாகத்தான் அசையும். செவ்வாய்க்கிழமை மட்டும் வேறு. மூன்றிலிருந்து நாலரை. ஐரோப்பாவில் சந்தைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் நேரம் அது. விலை துள்ளும். ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று பத்துக்கு லாபத்தில் விற்றிருந்தது. ராகு காலத்தில் ஒன்றும் செய்யக் கூடாத ரோபோ எப்படி விற்றது என்று நான் யோசித்திருக்க வேண்டும். விற்றது ரோபோ இல்லை, தரகு நிறுவனம். அந்த லாபத்தைப் படம்பிடித்து அக்காவுக்கு அனுப்பினேனே தவிர, யோசிக்கவில்லை.

தை மாதத்தில் ஒரு செவ்வாய். மதியம் ரோபோ வாங்கியிருந்தது. மூன்று மணிக்கு விலை இறங்க ஆரம்பித்தது. மூன்று இருபதுக்கு ஒரு வாடிக்கையாளரின் அச்சு இயந்திரத்தோடு போராடிக்கொண்டிருந்தபோது கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். நான் வைத்த எல்லையைவிடக் கீழே போயிருந்தது. கண்டிப்பாக விற்றிருக்க வேண்டும். விற்கவில்லை. ஏதோ காரணம் இருக்கும், ரோபோவுக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதை எழுதியவன் நான். எனக்குத் தெரியாத எது அதற்குத் தெரியும்? ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று நாற்பதுக்குக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். திரையில் சிவப்பு எண் நொடிக்கு நொடி பெருத்தது. மூடு என்ற பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்தது. மனுஷன் கை பட்டால் கெடும் என்று அக்காவிடம் நான் சொன்னது ஞாபகம் வந்தது. தொட்டுவிட்டு, பிறகு விலை ஏறிவிட்டால்? அவளிடம் எப்படிச் சொல்வேன்? அழுத்தவில்லை. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். கைகழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

சரியாக நாலரைக்கு ரோபோ விற்றது. எழுந்தவுடன் தன் எல்லையைப் பார்த்திருக்கும், விலை அதற்கு எங்கேயோ கீழே கிடந்திருக்கும், சொன்ன வேலையைச் செய்துவிட்டது. அக்காவின் பணத்தைப்போலப் பல மடங்குக்குத் தரகு நிறுவனத்தின் கடனில் வாங்கியிருந்ததால், அவள் பணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. விற்பனைப் பட்டியலில் நேரத்தைப் பார்த்தேன். நான்கு முப்பது, பூஜ்யம் நொடி. பார்த்ததும் புரிந்துவிட்டது. வாங்காதே என்று அக்கா சொன்னாள். ஒன்றும் செய்யாதே என்று நான் எழுதியிருக்கிறேன். அஞ்சும் வராட்டி என்று அவள் கேட்டது இதைத்தான்.

அன்று மாலை ஏழு மணிபோல அவளைக் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இதை நம்பச் சொல்லி யாரையும் கேட்கப் போவதில்லை.

"அக்கா, தங்கம் திடீர்னு விழுந்துருச்சு."

"எவ்வளவு?"

சொன்னேன். அவள் பக்கத்தில் மெஷின் ஓடும் சத்தம் நின்றது. கூடுதல் வேலையில் இருந்தாள் போலிருக்கிறது.

"அந்த எல்லை வந்தா வெளிய வந்துரும்னு சொன்னியே?"

"அது செவ்வாய்க்கெழம மூணு டு நாலரை ரோபோ எதுவும் பண்ணாதுக்கா. ராகு காலம். நீதானே போடச் சொன்ன."

"நான் சொன்னதாலயா?"

"அப்படி இல்ல... ஆனா அதான் காரணம்."

என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. ரோபோ செயல்படவில்லை, உண்மை. ராகு காலம், உண்மை. அவள் சொன்னாள், அதுவும் உண்மை. உண்மைகளை மட்டும் வைத்தே ஒரு பொய்யைக் கட்டிவிட்டேன். கட்டுவதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"சரிடா" என்றாள். "நீ சாப்ட்டியா?"

அந்த வாரம் பொந்தியானில் சித்தப்பா மகளுக்குப் பரிசம். எல்லோரும் போயிருந்தோம். பந்தி முடிந்து ஆண்கள் கூடாரத்துக்கு அடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா பாயசக் குவளைகளோடு ஒவ்வொருவராகக் கொடுத்து வந்தாள். சித்தப்பா உரக்கப் பேசுகிறவர்.

"என்னப்பா இஞ்சினியரே, ஒன் ரோபோ எப்படி? கோடீஸ்வரன் ஆயிட்டியா? இந்தச் சித்தப்பன மறந்துறாத லா!"

"எங்க சித்தப்பா, இந்த வாரம் பலமான அடி."

"ஏன், கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?"

நான் அக்காவைப் பார்க்கவில்லை. ஆனால் அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியும்.

"ராகு காலத்துல கை கட்டிக்கிட்டு ஒக்காரணும்னு அக்கா ஆர்டர். ரோபோவும் ஒக்காந்துருச்சு."

கூடாரம் முழுக்கச் சிரிப்பு. சித்தப்பா தொடையைத் தட்டினார். "ஐயோயோ! தங்கச் சந்தைக்கே பஞ்சாங்கமா! அடுத்த தடவ ரோபோவுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கட்டி விடு தாயி!" யாரோ, "சூலம் பாத்தியா, எந்தத் திசையில வாங்குன?" என்று கேட்டார்கள். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "எதுக்குடி ஒனக்கு இதெல்லாம்? படிச்ச புள்ளைக்குத் தெரியாதா? அவங்கிட்டப் போய் நேரம் காலம்னு!"

அக்கா சிரித்தாள். வெட்கப்பட்டால் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள், அப்படி. "ஆமா, என் வாய் அப்படி" என்றாள். எனக்கும் ஒரு குவளை கொடுத்தாள். நான் வாங்கிக் குடித்தேன். முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள்.

எத்தனையோ முறை அந்தக் கூடாரத்துக்குள் மனத்தால் திரும்பப் போயிருக்கிறேன். பணம் போனதை நினைத்தால் சம்பளக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான். இதை நினைத்தால் தனியாக இருக்கும்போதும் முகம் சூடாகிறது.

நான்கு நாள் கழித்து மச்சான் கூப்பிட்டார். லாரியிலிருந்து பேசினார், பின்னால் காற்றுச் சத்தம்.

"இந்தாப்பா, அந்த ஆன்ட்டிய நான் போய்ப் பாத்தேன். இருக்கிற காசக் குடு, மிச்சத்த மாசாமாசம் குடுன்னு சொல்லிட்டாங்க. நல்ல மனுஷி. ஒங்கக்காதான் வேணாங்கறா."

"ஏன் மச்சான்?"

"நான் கை வச்சா வெளங்காது, நான் சொன்னதுதானே எல்லாத்தையும் கெடுத்துச்சு, நான் ஃபேக்டரிலயே இருந்துட்டுப் போறேங்கறா. நானும் சொல்லிப் பாத்துட்டேன். நீ பேசு. நீ சொன்னாக் கேப்பா, நீ படிச்சவன். பெருநாளுக்குப் பத்து நாள்தான் இருக்கு. பபிள் டீ கடைக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கானாம்."

"சரி மச்சான், பேசறேன்."

பேசவில்லை. என்னவென்று பேசுவது? உன்னால் இல்லை அக்கா, கடையை எடு என்று சொன்னால், பின்னே யாரால் என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காக ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன். கைப்பேசியில் அவள் பெயரைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். இடையில் ரோபோவைத் திருத்தி எழுதினேன். நஷ்டத்தின் எல்லையைத் தரகு நிறுவனத்திடமே முதலில் கொடுத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று மாற்றினேன். வாங்குவதைத் தடுக்கும் வரி வேறு, வெளியேறுவதைத் தொடும் வரி வேறு என்று பிரித்தேன். அப்போதுதான் அந்த ஐந்து வழிகளையும் முதல்முறையாக நிதானமாகப் படித்தேன். அவை ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. எவ்வளவு கிடைத்தால் போதும்? வாங்கியதற்கான காரணம் இன்னும் இருக்கிறதா? எவ்வளவு நேரம் காத்திருப்பாய்? கிடைத்ததில் எவ்வளவு திரும்பப் போனால் பொறுப்பாய்? இவற்றுக்கெல்லாம் என்னிடம் ஏதோ ஒரு பதில் இருந்தது. ஸ்டாப் லாஸ் கேட்பது மட்டும் வேறு மாதிரி. எந்த இடத்தில் நீ தப்பு செய்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்வாய் என்று அது கேட்கிறது. அதைத்தான் நான் யார் கண்ணிலும் படாமல் உள்ளே மறைத்து வைத்திருந்தேன்.

இப்படி அழகாக எனக்கு நானே விளக்கிக்கொண்டிருந்தபோதும் அக்காவைக் கூப்பிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புரிந்துகொள்வதற்கு ஒரு வாரம் முழுக்கச் செலவழித்தேன். அந்த வாரத்தில்தான் பெருநாள் வந்தது.

பெருநாள் விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை பத்து பாகாட்டில் பேருந்தை விட்டு இறங்கினேன். பின்பக்கம் சுற்றிப் போனேன். அந்தக் கடையின் இரும்புக் கதவுக்கு ஊதா வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கோப்பையும் உறிஞ்சுகுழலும் வரைந்த பலகை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

அக்கா வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளோடு இருக்கும் அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். மச்சான் உள்ளே படுத்திருந்தார். நான் செருப்பைக் கழற்றாமலே சொல்லிவிட்டேன், கழற்றினால் வேறு பேச்சு வந்துவிடும் என்ற பயத்தில்.

"அக்கா, அது ஒன்னால இல்ல. நான் தப்பா எழுதிட்டேன்."

அவள் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும், "காட்டு" என்றாள்.

"என்னத்த?"

"எழுதுனத. நான் சொன்னது எங்க இருக்குன்னு காட்டு."

மடிக்கணினியைத் திறந்து பழைய நிரலைக் காட்டினேன். விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். இது என்ன, நேரம். இது, கிழமை. இது, திரும்பிப் போ.

"திரும்பிப் போன்னா? வாங்காம போறதா, விக்காமலும் போறதா?"

"ரெண்டும்."

"நான் ரெண்டுமா சொன்னேன்?"

"இல்ல."

"ராகு காலத்துல எதையும் ஆரம்பிக்கக் கூடாதுன்னுதான்டா சொல்லுவாங்க. வீடு பத்திக்கிட்டா நாலரை வரைக்கும் உள்ளயே ஒக்காந்துருப்பியா?"

நான் மடிக்கணினியை மூடினேன்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"எங்கூட ஃபோன்ல பேசறதுக்கு முன்னயா, பின்னயா?"

"முன்ன."

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினாள். அடுத்த துணியை எடுத்தாள். வாளி காலியாகும் வரைக்கும் என் பக்கம் திரும்பவில்லை.

"பொந்தியான்ல எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள் பிறகு. குரலில் கோபம்கூட இல்லை. "எனக்கே நம்பிக்கை வந்துருச்சுடா, நான் ஒண்ணும் தெரியாதவன்னு. கடை வேணாம்னு நானே போய் ஆன்ட்டிகிட்ட சொன்னேன். நானே போனேன்."

மச்சான் எழுந்து வாசலில் வந்து நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன்.

"குடும்ப குரூப்ல போடு" என்றாள் அக்கா.

"என்ன போட?"

"வாய்ஸ். எழுதாத, எழுதுனா நீ அழகா எழுதிருவ. பேசு."

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் நாற்பது பேருக்கு மேல் உண்டு. அவள் எதிரிலேயே பேசிப் பதிந்தேன். முதல் தடவை, தொழில்நுட்பக் கோளாறு என்று வந்தது. "அழி" என்றாள். இரண்டாவது தடவை, கவனக்குறைவு. "யாரோட?" என்றாள். மூன்றாவது தடவை சொன்னேன்: அக்கா சொன்னது சரி, நான் எழுதியது தப்பு, தெரிந்துகொண்டே பழியை அவள் மேல் போட்டேன், பொந்தியானில் எல்லோர் முன்னாலும் போட்டேன். அனுப்பிவிட்டேன்.

குழுவில் முதலில் வந்தது யாரோ ஓர் அத்தை அனுப்பிய ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம். அவர் கேட்டிருக்கவே மாட்டார். பிறகு இரண்டு கட்டைவிரல். சித்தப்பா வெகுநேரம் கழித்து, 'பரவால்ல லா, படிச்சவனுக்கும் தப்பு வரும்' என்று எழுதினார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா கோயிலிலிருந்து திரும்பி, முழுதும் கேட்டுவிட்டு, "இத எதுக்குடா ஊருக்கெல்லாம் சொல்ற? நமக்குள்ள வச்சுக்கலாம்ல" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். அவர் குரலில் எனக்காகத்தான் வருத்தம் இருந்தது. அதையும் அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் செய்ததை ஒரு குரல் பதிவால் அழித்துவிட முடியாது என்று அப்போது தெரிந்தது. சிரித்தவர்களுக்குச் சிரிப்பு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

பணத்தைச் சம்பளத்திலிருந்து கொடுத்து வருகிறேன். அதுதான் இதில் எளிதான பகுதி. ரோபோ இப்போது உண்மைப் பணம் இல்லாத பயிற்சிக் கணக்கில் ஓடுகிறது. அதன் வெளியேறும் பகுதி வாங்கும் பகுதியைவிட நீளமாகிவிட்டது.

ஐந்து மாதம் கழித்து, பள்ளி விடுமுறை நேரத்தில், மச்சான் கூப்பிட்டு அக்கா வேறொரு கடையை எடுத்துவிட்டதாகச் சொன்னார். சந்தைத் தெருவில், முன்னதில் பாதிதான் இருக்கும், ஜன்னல் இல்லை. கடைச் சொந்தக்காரரிடம் அவள் முதலில் கேட்ட கேள்வி, வியாபாரம் ஓடாவிட்டால் எத்தனை மாதத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்பதாம். "அத எழுதிக் குடுத்தாத்தான் கையெழுத்துன்னு ஒத்தக் கால்ல நின்னுட்டாப்பா" என்று சிரித்தார். எங்கள் வீட்டில் அரசாங்கக் கடிதமோ வங்கிக் காகிதமோ எது வந்தாலும், படம்பிடித்து எனக்கு அனுப்பி, நான் படித்துச் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை நடக்கும். கல்லூரி நாளிலிருந்து அப்படித்தான். நான் அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஒப்பந்தத்த அனுப்புக்கா, ஒரு தடவ பாத்துர்றேன்."

"படிச்சிட்டோம்டா."

"மலாயில இருக்குமே."

"இருந்துச்சு. ஃபேக்டரில கிளார்க் புள்ள ஒண்ணு இருக்கு, அது ஒக்காந்து ஒவ்வொரு வரியா சொல்லுச்சு. புரியாதத ரெண்டு தடவ கேட்டேன். கையெழுத்துப் போட்டாச்சு." அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதைத் தேடிப் பார்த்தேன், இல்லை. "நீ சனிக்கெழம வா. மெஷின் தூக்க ஆள் வேணும். மச்சானுக்கு இடுப்பு வலி."

சனிக்கிழமை முதல் பேருந்திலேயே போனேன். பழைய தொழிற்சாலை மெஷின், அடியில் இரும்புச் சட்டம். அக்கா முன்னால் நடந்து, "படி இருக்கு, பாத்து" என்று வழி சொல்ல, பின்னாலேயே தூக்கிக்கொண்டு போனேன்.